கம்பைலரில் கைவைக்கலாமா? டிஸ்ட்ரோக்கள் போடும் பேட்ச்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு சின்ன சி கோப்பு. உள்ளே ‘ரீட்’ என்று ஓர் அழைப்பு. எத்தனை பைட் வாசித்தேன் என்று அது திருப்பித் தரும் எண்ணை நிரல் கண்டுகொள்ளவில்லை. உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் தொகுப்பில் (டிஸ்ட்ரோ) இதை ‘ஜிசிசி -ஓ2’ என்று கம்பைல் செய்தால், அதாவது ஜிசிசி என்ற கம்பைலரால் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றினால், திரும்பி வந்த மதிப்பைப் பயன்படுத்தவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. ஃபெடோரா 39-இல் அதே கோப்பு, அதே கட்டளை. ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. இரண்டிலும் இருப்பது ஜிசிசி 13 தான்.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

காரணம் இதுதான். உபுண்டுவின் ஜிசிசி, ‘-ஓ2’ போன்ற வேகப்படுத்தும் ஆப்ஷனை நீங்கள் கொடுத்ததுமே, ‘ஃபோர்ட்டிஃபை சோர்ஸ்’ என்ற மேக்ரோவையும் (பெயரும் மதிப்பும் கொண்ட ஒரு வரையறை) தானாகச் சேர்த்துக்கொள்கிறது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் ஹெடர் கோப்புகள் (செயற்கூறுகளை அறிவிக்கும் கோப்புகள்) அந்த மேக்ரோவைப் பார்த்தால் இரண்டு வேலை செய்யும். ‘மெம்காப்பி’, ‘ஸ்ட்ர்காப்பி’ போன்றவற்றுக்குப் பதிலாக, இடத்தின் அளவைச் சரிபார்க்கும் வடிவங்களை நுழைக்கும். கூடவே ‘ரீட்’, ‘ரைட்’ போன்ற செயற்கூறுகளின் மேல் ‘இதன் விடையைப் பார்த்தே ஆக வேண்டும்’ என்ற குறியையும் வைக்கும். எச்சரிக்கை அந்தக் குறியிலிருந்து வருகிறது. ஜிசிசி திட்டம் வெளியிட்ட மூலநிரலை நீங்களே கட்டினால் இந்த மேக்ரோ தானாக வராது. ஆகவே ஜிசிசியின் அதிகாரபூர்வக் கையேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இந்த நடத்தைக்கு அங்கே விளக்கம் கிடைக்காது.

டிஸ்ட்ரோ தன் கையால் கம்பைலரை மாற்றுவது என்றால் இதுதான். சரியா, தவறா என்ற வாதம் லினக்ஸ் உலகில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது.

தலைமடையும் கடைமடையும்

ஜிசிசி, எல்எல்விஎம் போன்ற கம்பைலர்களின் மூலத் திட்டங்களை ‘அப்ஸ்ட்ரீம்’ என்பார்கள். நம் ஊர் வாய்க்கால் மொழியில் சொன்னால் தலைமடை. அங்கிருந்து மூலத்தை எடுத்து, கட்டி, தொகுத்து, உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச், ஜென்டூ போன்ற டிஸ்ட்ரோக்கள். நாம் இருப்பது கடைமடையில். சில வாய்க்கால்கள் இன்னும் நீளம்: சென்னையில் உள்ள சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனிலிருந்து கிளைத்தது. டெபியன் கம்பைலரில் செய்யும் மாற்றம் அந்தக் கிளை வழியாகவும் ஓடும்.

பேட்ச் என்பது ஓர் எளிய உரைக்கோப்பு. எந்தக் கோப்பில், எந்த வரியை நீக்கி, எதைச் சேர்க்க வேண்டும் என்பது கழித்தல், கூட்டல் குறிகளோடு அதில் எழுதியிருக்கும். டிஸ்ட்ரோ பொதுவாகத் தலைமடையின் மூலப் பொதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் அடைவில் பேட்ச்களை அடுக்கி, கட்டும் நேரத்தில் வரிசையாகப் போடும். எந்த மென்பொருளுக்கும் இதுதான் நடைமுறை. கம்பைலர் மட்டும் ஏன் தனி விவாதம்? ஓர் உரைத்தொகுப்பியில் பேட்ச் தவறினால் அந்தத் தொகுப்பி மட்டும் கெடும். கம்பைலரில் தவறினால், அது கட்டிய ஆயிரக்கணக்கான பொதிகளிலும் (நிறுவுவதற்காகத் தொகுத்த மென்பொருள்கள்) தவறு இறங்கும். உங்கள் சொந்த நிரலிலும் இறங்கும். டிஸ்ட்ரோ ஒருபோதும் பார்க்காத நிரல் அது.

எல்லாப் பேட்சும் ஒரு வகையல்ல

‘பேட்ச் போடலாமா கூடாதா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் விடை வராது. என்ன வகைப் பேட்ச் என்று பார்க்க வேண்டும்.

தலைமடையே ஏற்றுக்கொண்ட திருத்தத்தைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவருவது ‘பேக்போர்ட்’. இதில் பெரிய சண்டை இல்லை, இருக்கவும் கூடாது. 2018 ஜனவரி 3-ஆம் தேதி ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிப் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே தெரிந்தன. ஸ்பெக்டரின் ஒரு வகையை அடைக்க ‘ரெட்போலின்’ என்ற உத்தி வேண்டும். அதற்குக் கம்பைலரே புதிய வகைக் குறிமுறையை உருவாக்க வேண்டும். ஜிசிசி அதை 7.3 பதிப்பில் அதே மாத இறுதியில் தந்தது. ஆனால் டெபியன் 9-இல் இருந்தது ஜிசிசி 6, டெபியன் 8-இல் 4.9. நிலையான டிஸ்ட்ரோவில் கம்பைலரை ஒரே நாளில் 7-க்குத் தூக்க முடியாது. தூக்கினால் வேறு நூறு பொதிகள் கட்டப்படாமல் நிற்கும். 4.9-க்குத் தலைமடையில் ஆதரவும் முடிந்துவிட்டது. டெபியன் ஆட்கள் ரெட்போலினை இரண்டு பழைய பதிப்புகளுக்கும் கொண்டுவந்து, அதை வைத்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைக் கட்டினார்கள். இதைச் செய்யாமல் இருந்திருந்தால் அதுதான் தவறு.

அடுத்தது, டிஸ்ட்ரோவின் கோப்பு அமைப்புக்குக் கம்பைலரைப் பொருத்துவது. டெபியன் குடும்பம் ஒரே கணினியில் பல செயலிக் கட்டமைப்புகளின் நூலகங்களை வைக்க ‘மல்டிஆர்ச்’ முறையைக் கொண்டுவந்தபோது, நூலகங்கள் வழக்கமான அடைவிலிருந்து ‘எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு’ என்ற துணை அடைவுக்கு நகர்ந்தன. உபுண்டு 11.04-இல் இது வந்ததும், தலைமடை ஜிசிசியைத் தாமே கட்ட முயன்றவர்கள் ‘சிஆர்டி1.ஓ கிடைக்கவில்லை’ என்ற பிழையில் முட்டிக்கொண்டார்கள். நிரலின் தொடக்கப் பகுதியான அந்தக் கோப்பு புதிய இடத்தில் இருப்பது தலைமடை ஜிசிசிக்கு அப்போது தெரியாது. டெபியனின் ஜிசிசிக்குத் தெரியும், பேட்ச் இருந்ததால். வீட்டை மாற்றியவர் தபால்காரருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

உரிமச் சிக்கலுக்காகவும் சில மாற்றம் உண்டு. ஜிசிசியின் கையேடுகள் வெளிவரும் உரிமத்தின் சில கூறுகளை டெபியன் கட்டற்றதாக ஏற்பதில்லை. எனவே அவை முதன்மைத் தொகுப்பில் இல்லாமல் தனிப் பிரிவில் இருக்கும். குறிமுறைக்கு இதனால் பாதிப்பில்லை.

உண்மையான சர்ச்சை, இயல்பு நடத்தையை மாற்றும் பேட்ச்களில்தான். நீங்கள் எந்த ஆப்ஷனும் கொடுக்காதபோது கம்பைலர் என்ன செய்யும் என்பதையே அவை மாற்றுகின்றன.

உபுண்டு வழி, ஃபெடோரா வழி

உபுண்டு 2006-இல், 6.10 பதிப்பில், ஸ்டாக் புரொடெக்டரை (நினைவகத்தில் வரம்பு மீறி எழுதுவதைப் பிடிக்கும் பாதுகாப்பு) கம்பைலரின் இயல்பாகவே ஆக்கியது. 8.10-இல் ஃபோர்ட்டிஃபை சோர்ஸ், ஃபார்மட் எச்சரிக்கைகள், ரெல்ரோ (சில நினைவகப் பகுதிகளைப் படிக்க மட்டும் என்று ஆக்குவது) சேர்ந்தன. 11.10-இல் லிங்கருக்கு (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) ‘ஆஸ்-நீடட்’ போனது. 16.10-இல் 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு ‘பிஐஇ’ இயல்பானது. அதாவது நிரலை நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஏற்றலாம். 19.10-இல் ஸ்டாக் கிளாஷ் பாதுகாப்பு (ஸ்டாக் பிற நினைவகப் பகுதிகளோடு மோதாமல் காப்பது) வந்தது. 24.04-இல் ஃபோர்ட்டிஃபை 2-ஆம் நிலையிலிருந்து 3-ஆம் நிலைக்கு ஏறியது.

ஃபெடோராவும் ஏறக்குறைய இதே பாதுகாப்புகளைத் தன் பொதிகளுக்குக் கொடுக்கிறது. ஆனால் கம்பைலருக்குள் அல்ல; அதன் பொதி வடிவமான ஆர்பிஎம்மைக் கட்டும்போது சேரும் ஆப்ஷன் பட்டியல் வழியாக. அதனால் ஃபெடோரா தரும் நிரல்கள் கெட்டிப்படுத்தப்பட்டவை; நீங்கள் சும்மா ‘ஜிசிசி’ என்று தட்டிக் கட்டுவது தலைமடை நடத்தைக்கு நெருக்கமானது.

வித்தியாசத்தை நேரில் பார்க்கலாம். ‘மெயின்’ செயற்கூறின் முகவரியை அச்சிடும் மூன்று வரி நிரல் எழுதி, இரண்டு முறை ஓட்டுங்கள். உபுண்டுவில் 0x5 அல்லது 0x6 என்று தொடங்கும் நீண்ட எண் வரும். இரண்டாம் முறை வேறு எண். ஃபெடோராவில் 0x401 என்று தொடங்கும் சின்ன எண். எத்தனை முறை ஓட்டினாலும் அதேதான்.

உபுண்டுவின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. கொடுத்த ஆப்ஷன்களை மதிக்காத மேக்ஃபைல்கள் (நிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்புகள்) ஏராளம். பொதி கட்டும் முறைக்கு வெளியே கட்டப்படும் நிரல்களும் ஏராளம்: அலுவலகத்தின் உள் கருவிகள், மாணவர்களின் பயிற்சி நிரல்கள். கம்பைலருக்குள்ளேயே வைத்தால் எதுவும் தப்பாது.

விலை என்ன? புதிதாகக் கற்பவர்களே அதை அதிகம் கொடுக்கிறார்கள். அடிக்கடி கண்ணில் படும் சில இடங்கள் இவை.

‘ஜிசிசி -எல்எம் கணக்கு.சி’ என்று கட்டினால் ‘எஸ்கியூஆர்டி’ (வர்க்கமூலச் செயற்கூறு) கிடைக்கவில்லை என்று உபுண்டுவில் லிங்கர் நிற்கும். ‘ஆஸ்-நீடட்’ இருந்தால், அந்தக் கட்டம் வரை யாரும் கேட்காத நூலகத்தை லிங்கர் ஒதுக்கிவிட்டுப் போய்விடும். ‘-எல்எம்’ குறிக்கும் கணித நூலகத்தைப் பார்க்கும்போது உங்கள் கோப்பு இன்னும் படிக்கப்படவே இல்லை. ‘-எல்எம்’மைக் கடைசியில் போட்டால் சரியாகிவிடும். எல்லா டிஸ்ட்ரோவிலும் கடைசியில் போடுவதே நல்ல பழக்கம்.

பழைய அசெம்பிளி பாடத்தைப் பின்பற்றி, அச்சிட வேண்டிய செய்தியின் முகவரியைச் செயலியின் 32-பிட் ரெஜிஸ்டரில் நேரடியாக ஏற்றி, ‘ஜிசிசி’யால் லிங்க் செய்தால், ‘ஆர்_எக்ஸ்86_64_32’ என்ற ரீலொகேஷனை (முகவரியைப் பின்னர் நிரப்பச் சொல்லும் குறிப்பு) பிஐஇ நிரலில் பயன்படுத்த முடியாது என்று பிழை வரும். பாடம் எழுதப்பட்ட காலத்தில் நிரல் நிலையான முகவரியில் ஏறியது, இப்போது ஏறுவதில்லை. ‘-நோ-பிஐஇ’ கொடுப்பது தற்காலிக வழி. முகவரியைத் தற்போதைய இடத்தைச் சார்ந்து ‘எல்இஏ’ கட்டளையால் எடுப்பது சரியான வழி. லினக்ஸ் கெர்னலே இதில் இடித்துக்கொண்டது: டிஸ்ட்ரோக்கள் பிஐஇ-யை இயல்பாக்கத் தொடங்கிய 2016-இல், அதை அணைக்கும் ஆப்ஷனைக் கெர்னலின் மேக்ஃபைலில் சேர்க்க வேண்டிவந்தது.

நீங்களே ஃபோர்ட்டிஃபை சோர்ஸை வேறு மதிப்பில் கொடுத்தால், மேக்ரோ இரண்டாம் முறை வரையறுக்கப்படுகிறது என்ற எச்சரிக்கை எழும். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் ‘-வெர்ரர்’ இருந்தால் கட்டுமானம் அங்கேயே நிற்கும். முதலில் ‘-யு’வால் நீக்கி, பிறகு ‘-டி’யால் வரையறுங்கள்.

உபுண்டு இதைப் பொறுப்போடு செய்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் ஜிசிசி ‘மேன்’ பக்கத்தைத் திறந்தால், ஸ்டாக் புரொடெக்டர் பகுதியில் ‘உபுண்டுவில் இது இயல்பாகவே இயங்கும்’ என்று தனிக் குறிப்பு இருக்கிறது. கூடவே விதிவிலக்கும் இருக்கிறது: ‘-நோஸ்டிட்லிப்’ அல்லது ‘-எஃப்ஃப்ரீஸ்டாண்டிங்’ கொடுத்தால் இயங்காது. சொந்தமாக இயங்குதளம் எழுதிப் பார்ப்பவருக்கு ஜிலிப்சி இருக்காது, ஆகவே அந்தப் பாதுகாப்பு அழைக்கும் ‘ஸ்டாக்_செக்_ஃபெயில்’ செயற்கூறும் இருக்காது. அதை யோசித்துப் பேட்ச் எழுதியவர், ஆவணத்துக்கும் பேட்ச் போட்டிருக்கிறார். எல்லா டிஸ்ட்ரோவும் இந்த அளவுக்காவது கவனம் காட்ட வேண்டும்.

இல்லாத பதிப்பு: ஜிசிசி 2.96

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு, ரெட் ஹேட் நிறுவனத்தின் டிஸ்ட்ரோவான ரெட் ஹேட் லினக்ஸ் 7.0 சாட்சி. 2000 செப்டம்பரில் வந்த அதில் ‘ஜிசிசி 2.96’ இருந்தது. தலைமடையில் அப்படி ஒரு வெளியீடே இல்லை. அப்போது வெளியாகியிருந்தது 2.95, அடுத்து வரவிருந்தது 3.0. வளர்ச்சியில் இருந்த மூலத்தை ஒரு கட்டத்தில் எடுத்து, சொந்தத் திருத்தங்கள் சேர்த்து, அந்த எண்ணைக் கொடுத்தார்கள். 2000 அக்டோபரில் ஜிசிசி வழிநடத்தும் குழு, இது எங்கள் வெளியீடு அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது.

ரெட் ஹேட் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2.95 பழையதாகிவிட்டது, புதிய மூலம் சி++ தரநிலையை மேலும் நன்றாகப் பின்பற்றியது, பல கட்டமைப்புகளிலும் நன்றாக வேலை செய்தது. ஜிசிசியை எழுதுவோரில் பலர் அவர்களிடமே வேலை பார்த்தார்கள். ஆனால் அது கட்டிய சி++ நூலகங்கள் 2.95 கட்டியவற்றோடும் சேராது, பின்னர் 2001-இல் வந்த 3.0 கட்டியவற்றோடும் சேராது. கெர்னலைக் கட்ட ‘கேஜிசிசி’ என்ற பெயரில் பழைய கம்பைலர் ஒன்றைத் தனியாகத் தர வேண்டியிருந்தது.

ஏன் சேராது? சி++ கம்பைலர், செயற்கூறுகளின் பெயரை எப்படி மாற்றி எழுதுவது, ஒரு பொருளின் உறுப்புகளை நினைவகத்தில் எப்படி அடுக்குவது என்று ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கும். இதைப் பைனரி இடைமுகம் என்போம். இரண்டு கம்பைலர்களின் ஒப்பந்தம் வேறானால், ஒன்று கட்டிய நூலகத்தை மற்றொன்று கட்டிய நிரல் பயன்படுத்த முடியாது. லிங்க் செய்யும்போதே பிழை வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் ஓடும்போது குப்பை மதிப்புகளைப் படித்து விழும்.

பிறகு இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2015-இல் ஜிசிசி 5, சி++11 தரநிலைக்காக ‘எஸ்டிடி::ஸ்ட்ரிங்’ என்ற எழுத்துத்தொடர் வகையின் உள்ளமைப்பை மாற்றியது. பழையதும் புதியதும் அருகருகே இருக்கலாம். எது வேண்டும் என்று ‘_ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ’ என்ற மேக்ரோவால் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-க்கு வந்த ‘டெவ்டூல்செட்’ கம்பைலர்களில், அந்த மேக்ரோவை 1 என்று வைத்தாலும் பழைய வடிவமே வரும். அந்த இயங்குதளத்தின் அடிப்படை சி++ நூலகம் பழையது. அதோடு பொருந்த வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே எடுத்த முடிவு. அதன் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7-ஐ அடித்தளமாகக் கொண்ட ‘மெனிலினக்ஸ்2014’ முறையில் கட்டிய பைத்தான் நீட்சிகளும் இதனால் பழைய வடிவத்திலேயே இருந்தன. உபுண்டுவில் நீங்கள் கட்டிய சி++ கோப்பை அவற்றோடு லிங்க் செய்யும்போது ‘__சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற துண்டோடு ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். உங்கள் பக்கம் அந்த மேக்ரோவை 0 ஆக்கிக் கட்டிப் பாருங்கள்.

பதிப்பு எண்ணை நம்பாதீர்கள்

பேட்ச்களால் வரும் இன்னொரு விளைவு: ஒரே பதிப்பு எண் இரண்டு டிஸ்ட்ரோவில் ஒரே பொருளைக் குறிக்காது. ஸ்டாக் கிளாஷ் பாதுகாப்பு தலைமடையில் ஜிசிசி 8-இல்தான் வந்தது. ஆனால் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இன் ஜிசிசி 4.8.5-க்கும் அதைப் பின்னர் கொண்டுவந்து சேர்த்தார்கள். ‘பதிப்பு 8-க்குக் குறைவு என்றால் இந்த ஆப்ஷன் கிடையாது’ என்று எழுதிய பில்டு ஸ்கிரிப்ட் அங்கே தவறான முடிவு எடுக்கும். எண்ணைப் பார்ப்பதற்குப் பதில், அந்த ஆப்ஷனோடு ஒரு காலிக் கோப்பைக் கம்பைல் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டால் இருக்கிறது. சிமேக், ஆட்டோகான்ஃப், கெர்னலின் மேக்ஃபைல் எல்லாவற்றிலும் இதற்கு வசதி உண்டு.

அப்படியானால் எது சரி?

எங்கள் நிலைப்பாடு இது: பேக்போர்ட்டும் இடப் பொருத்தமும் டிஸ்ட்ரோவின் கடமை. இயல்பு நடத்தையை மாற்ற வேண்டுமானால், தலைமடை தந்த கதவு வழியாக மட்டுமே. பைனரி இடைமுகத்தைத் தலைமடைக்குத் தெரியாத வகையில் மாற்றவே கூடாது.

கதவுகள் இருக்கின்றன. அவற்றில் சில, பேட்ச்களிலிருந்தே பிறந்தவை. ஸ்டாக் பாதுகாப்பு முதலில் ஐபிஎம் ஜப்பானில் எழுதப்பட்ட ‘புரோபோலீஸ்’ என்ற வெளிப் பேட்ச். ஓபன்பிஎஸ்டியும் ஹார்டண்ட் ஜென்டூவும் அதைப் பல ஆண்டுகள் சுமந்தன. பிறகு ரெட் ஹேட் பொறியாளர்கள் அதைப் புதிதாக எழுதித் தர, 2006-இல் ஜிசிசி 4.1-இல் சேர்ந்தது. பிஐஇ-யை இயல்பாக்குவதும் ஜென்டூ போன்றவர்கள் கையில் பேட்சாக இருந்து, 2016-இல் ஜிசிசி 6-இல் ‘எனேபிள்-டீஃபால்ட்-பிஐஇ’ என்ற கான்ஃபிகர் தேர்வாக ஆனது. இன்று ஆர்ச் அந்தத் தேர்வைக் கொடுத்துத்தான் தன் கம்பைலரைக் கட்டுகிறது. பேட்ச் ஒரு சோதனைக் களமாக இருந்து தலைமடைக்குப் போய்ச் சேர வேண்டும். டிஸ்ட்ரோவிலேயே தங்கிப்போனால், ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் யாரோ அதைத் திரும்பப் பொருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கம்பைலரைத் தொடாமலே செய்யவும் வழிகள் உண்டு. பொதி கட்டும்போது ஆப்ஷன்களைத் தர டெபியனில் ‘டிபிகேஜி-பில்டுஃபிளாக்ஸ்’, ஃபெடோராவில் ஆர்பிஎம் மேக்ரோக்கள். நிக்ஸ்ஓஎஸ், கம்பைலரைச் சுற்றி ஓர் உறை ஸ்கிரிப்டை வைத்து அதன் வழியே பாதுகாப்பு ஆப்ஷன்களைச் சேர்க்கிறது. பொதிக்குப் பொதி அவற்றை அணைக்கலாம். ஜென்டூ, எல்எல்விஎம் திட்டத்தின் கம்பைலரான கிளாங்குக்கான இயல்புகளை ‘ஈடிசி’ அடைவில் ஒரு கட்டமைப்புக் கோப்பாக வைக்கிறது. பயனர் திறந்து படிக்கலாம், வேண்டாதவற்றை நீக்கலாம். உபுண்டுவே 24.04-இல் ஃபிரேம் பாயின்டரை (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று பின்தொடர உதவுவது) தன் பொதிகளுக்கு இயல்பாக்கியபோது, கம்பைலருக்குள் வைக்காமல் பொதிக் கட்டுமான ஆப்ஷனாக வைத்தது. நல்ல தேர்வு அது.

உங்கள் கணினியில் என்ன இருக்கிறது?

‘ஜிசிசி -வி’ தட்டுங்கள். எந்தக் கான்ஃபிகர் தேர்வுகளோடு கட்டப்பட்டது என்பது ஒரு நீண்ட வரியில் வரும். ‘எனேபிள்-டீஃபால்ட்-பிஐஇ’ இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசி வரியில் பதிப்பு எண்ணுக்கு அருகே அடைப்புக்குறிக்குள் பெரும்பாலும் டிஸ்ட்ரோ பெயர் இருக்கும்; மாற்றிய கம்பைலர் என்று வெளிப்படையாகச் சொல்லும் முத்திரை அது.

மறைந்திருக்கும் மேக்ரோக்களைப் பார்க்க, ‘ஜிசிசி -ஓ2 -டிஎம் -ஈ’ என்பதற்குக் காலி உள்ளீட்டைக் கொடுத்து, ‘கிரெப்’பால் ‘ஃபோர்ட்டிஃபை’ என்று வடிகட்டுங்கள். ஒரு வரி வந்தால் அதை டிஸ்ட்ரோ சேர்த்திருக்கிறது.

பேட்ச்களையே படிக்க வேண்டுமா? டெபியன், உபுண்டுவில் மூலக் களஞ்சியத்தை இயக்கிவிட்டு ‘ஆப்ட் சோர்ஸ் ஜிசிசி-13’ கொடுங்கள். வரும் அடைவில் ‘டெபியன்’ என்பதற்குள் ‘பேட்சஸ்’ இருக்கும். எது எந்த டிஸ்ட்ரோவுக்குச் சேரும் என்பதை ‘ரூல்ஸ்.பேட்ச்’ கோப்பு முடிவு செய்கிறது. டெபியனுக்கும் உபுண்டுக்கும் வேறுபாடு அங்கேதான் பிரிகிறது.

கம்பைலரே ‘இன்டர்னல் கம்பைலர் எர்ரர்’ என்று விழுந்தால், உடனே ஜிசிசியின் பிழைப் பதிவேடான பக்சில்லாவுக்கு ஓடாதீர்கள். பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள். உபுண்டு, டெபியனில் அது உங்கள் கணினியிலேயே இருக்கும் ‘ரீட்மீ.பக்ஸ்’ கோப்பைக் காட்டும். முதலில் டிஸ்ட்ரோவிடம் சொல்லுங்கள் என்று பொருள். பிறகு ‘-சேவ்-டெம்ப்ஸ்’ கொடுத்து, ஹெடர்கள் எல்லாம் விரிந்த ‘.ஐ’ கோப்பை எடுத்துக்கொண்டு, பேட்ச் இல்லாத ஜிசிசியில் ஓட்டிப் பாருங்கள். டாக்கர் ஹப் என்ற ஆயத்தப் படிமக் களஞ்சியத்தில் உள்ள அதிகாரபூர்வ ‘ஜிசிசி’ படிமம் தலைமடை மூலத்திலிருந்து கட்டப்படுவது. சோதிக்க அதுவே விரைவான வழி.

நீங்களே கட்டுவதானால், மூலத்தைப் பிரித்து, ‘கான்ட்ரிப்’ அடைவில் உள்ள ‘டவுன்லோட்_ப்ரீரிக்விசிட்ஸ்’ ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஜிசிசியைக் கட்டத் தேவையான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி நூலகங்கள் வந்துவிடும். மூல அடைவுக்குள் கட்டாமல், வெளியே தனி அடைவு வையுங்கள். கான்ஃபிகருக்கு உங்கள் ஹோம் அடைவில் ஒரு ‘ப்ரிஃபிக்ஸ்’ கொடுங்கள்; ‘யுஎஸ்ஆர்’ வேண்டாம், டிஸ்ட்ரோவின் கம்பைலரை அது மிதித்துவிடும். 32-பிட் நூலகங்கள் இல்லையென்றால் ‘டிசேபிள்-மல்டிலிப்’ கட்டாயம். மறந்தால் கான்ஃபிகர் கட்டத்திலேயே பிழை வந்து நிற்கும். ‘டிசேபிள்-பூட்ஸ்ட்ராப்’ கொடுத்தால் கம்பைலர் தன்னையே மீண்டும் மீண்டும் கட்டும் மூன்று சுற்று ஒரே சுற்றாகும். வட்டில் சில ஜிபி இடம் விட்டுவையுங்கள்.

அந்தக் கம்பைலரிலும் அதே ‘.ஐ’ கோப்பு விழுந்தால் பிழை தலைமடையினுடையது, அங்கே பதியுங்கள். அங்கே விழாமல் டிஸ்ட்ரோவின் கம்பைலரில் மட்டும் விழுந்தால், முதலில் பதிப்பு எண்கள் ஒன்றா என்று சரிபாருங்கள். அவை ஒன்றாகவே இருந்தால், சந்தேகம் ‘பேட்சஸ்’ அடைவின் மேல். டிஸ்ட்ரோவின் பிழைப் பதிவில் ‘ஜிசிசி -வி’ வெளியீட்டையும் ‘.ஐ’ கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த இரண்டும் இல்லாத அறிக்கையை வைத்து அவர்களால் எதையும் செய்ய முடியாது.